கடிதத்தில் உள்ள மூன்றும் நோயின் மூன்றாம் நிலையும்



இன்று கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றிப் பேசப் போகின்றேன். இது பெண்களின் விடயம்தானே என்று ஆண்கள் எழுந்து போய்விடாதீர்கள். நான் வைத்தியன் அல்ல, கணக்காளன். ஆனால் இந்த நோயைப் பொறுத்தவரை எங்கள் வீடுகளில் பயம் பல வேளைகளில் ஓர் இலக்கத்தில்தான் தொடங்குகின்றது. அந்த இலக்கத்தைச் சரியாக வாசிக்க வேண்டும்.

பெண்நோய் வைத்தியர் கருப்பையின் கழுத்துப் பகுதியில் இருந்து சில கலங்களை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். அதுதான் பாப் பரிசோதனை. ஜேர்மனியில் அதன் முடிவை ஒன்றில் இருந்து ஐந்து வரை ரோம இலக்கத்தில் எழுதுவார்கள். புற்றுநோயின் நிலைகளையும் ஒன்றில் இருந்து நான்கு வரை ரோம இலக்கத்தில்தான் எழுதுவார்கள். இரண்டும் வெவ்வேறு பேரேடுகள். ஒன்றின் தொகையை மற்றதில் பதியக் கூடாது.

கடிதத்தில் பாப் 3டி1 என்று இருந்தால் கலங்களில் இலேசான மாற்றம், 3டி2 என்றால் நடுத்தர மாற்றம். இது மூன்றாம் நிலைப் புற்றுநோய் அல்ல, புற்றுநோயே அல்ல. இலேசான மாற்றம் பலருக்குத் தானாகவே மறைந்துவிடும். ஆனாலும் வைத்தியர் சொன்ன தவணைக்கு மறுபடி போயே ஆக வேண்டும். பாப் 4 என்றால் கடுமையான மாற்றம். பாப் 5 என்றால் புற்றுநோய்க் கலங்கள் காணப்படுகின்றன. அப்போது உருப்பெருக்கிக் கருவியால் பார்த்து, சிறு துண்டுத் தசை எடுத்துச் சோதிப்பார்கள். நோயை உறுதி செய்வது அந்தச் சோதனைதான்.

புற்றுநோய் என்று உறுதியான பின்னரே நிலை கணிக்கப்படும். முதலாம் நிலையில் நோய் கருப்பைக் கழுத்துக்குள்ளேயே நிற்கும். இரண்டாம் நிலையில் அதைத் தாண்டி அருகில் உள்ள இழையங்களுக்கும் யோனியின் மேற்பகுதிக்கும் போகும். மூன்றாம் நிலையில் யோனியின் கீழ்ப்பகுதி, இடுப்புச் சுவர், நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றைத் தொடும். சிறுநீர் இறங்கும் வழியையும் அடைக்கலாம். நான்காம் நிலையில் சிறுநீர்ப்பை, மலக்குடல், அல்லது தூரத்தில் உள்ள நுரையீரல், ஈரல், எலும்பு வரை பரவும். ஆரம்ப நிலையில் சத்திரசிகிச்சை போதுமாக இருக்கலாம். பரவிய பின் கதிர்ச் சிகிச்சையும் மருந்துச் சிகிச்சையும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

இனி, குணமாகுமா என்ற கேள்வி. அமெரிக்கப் புள்ளிவிபரப்படி, நோய் தோன்றிய இடத்திலேயே நிற்கும்போது கண்டுபிடிக்கப்பட்ட 100 பெண்களில் சுமார் 90 பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடு இருக்கின்றார்கள். அருகில் பரவியிருந்தால் சுமார் 60 பேர், தூரத்துக்குப் பரவியிருந்தால் சுமார் 20 பேர். ஐந்து ஆண்டு என்பது கணக்கெடுப்புக்கு வைத்த எல்லை, ஆயுளின் எல்லை அல்ல. இது பலரின் சராசரி. உங்கள் தாயின் கணக்கை அவருடைய வைத்தியரே சொல்ல வேண்டும்.

இந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரசு. 1983, 1984ஆம் ஆண்டுகளில் அதன் 16ஆம், 18ஆம் வகைகளை இந்தப் புற்றுநோயில் கண்டறிந்தவர்கள், ஜேர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனும் அவரது குழுவினரும். அதற்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உடலுறவால் தொற்றும் வைரசு என்றதும் சந்தேகமும் சண்டையும் வேண்டாம். வாழ்நாளில் பெரும்பாலானோருக்கு இது ஒரு தடவையாவது தொற்றுகின்றது. பல ஆண்டுகள் சத்தமின்றி இருக்கும். ஒருவரின் ஒழுக்கத்துக்கு அது சாட்சி அல்ல.

தொற்றில் இருந்து புற்றுநோய் வரப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் செல்லும். அந்த அவகாசம்தான் எங்கள் சேமிப்பு. ஜேர்மனியில் 20 முதல் 34 வயது வரை ஆண்டுதோறும் பாப் பரிசோதனை. 35 வயதில் இருந்து மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவை, எச்.பி.வி. சோதனையும் சேர்த்து. 2020 முதல் இந்த ஒழுங்கு நடைமுறையில் உள்ளது. செலவு நோய்க் காப்புறுதியுடையது. 20 வயதில் இருந்து 65 வயது வரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கிராங்கன்காஸே அனுப்பும் அழைப்புக் கடிதத்தை விளம்பரம் என்று எறிந்துவிடாதீர்கள். 9 முதல் 14 வயது வரையான பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் தடுப்பூசி உண்டு. தவறவிட்டவர்கள் 18ஆவது பிறந்தநாளுக்கு முன் போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்டாலும் பரிசோதனை அவசியம்.

உறவுக்குப் பின்னோ, இரு மாதவிடாய்க்கு இடையிலோ, மாதவிடாய் நின்ற பின்னோ இரத்தம் கண்டால் தவணைக்குக் காத்திராமல் உடனே வைத்தியரிடம் போங்கள். மொழி பெயர்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பிள்ளைக்கு முன்னால் தாய் எல்லாவற்றையும் சொல்ல மாட்டார். நம்பிக்கையான சிநேகிதி ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். வைத்தியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த இலக்கம் கலமாற்றத்தின் இலக்கமா, நோய் நிலையின் இலக்கமா? அடுத்த தவணை எப்போது? பதிலை எழுதி வாங்குங்கள்.