பாட்டும் கருவும்: மாநாட்டுத் தலைமை உரை

இந்த இருக்கைக்கு என்னைவிடத் தகுந்தவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அவர்களுள் இருவர் என் கட்டுரைகளை மறுத்து எழுதியவர்கள் என்பதால், பெருமையோடு கொஞ்சம் நடுக்கமும் இருக்கிறது.

'நீலத் திமிங்கிலம்: உடலும் வாழ்வும்' என்பது பொருள். முப்பது மீட்டர் நீளம், கிரில் உணவு என்று இங்கே நான் தொடங்கினால் கொல்லத் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். மான்டரே விரிகுடாவில் அதன் இதயம் நிமிடத்துக்கு இரண்டு தடவை வரை தாழ்ந்து துடித்ததை 2019-இல் படித்தோம். அதற்குத் தனி அமர்வே இருக்கிறது.

என் கவலை வேறு. கூடியிருப்பது திருகோணமலையில். கோணேசர் பாறையில் நின்றாலே சில நாள் கண்ணில் படும் இந்தத் திமிங்கிலங்கள் எந்தத் துணையினத்தவை? 1859-இல் எட்வர்டு பிளைத் வங்கக் கடலோர எலும்புகளைப் பார்த்து 'இண்டிகா' என்று பெயரிட்டார். 1966-இல் இச்சிஹாரா 'பிரெவிகாடா' என்னும் குட்டை நீலத் திமிங்கிலத்தை விவரித்தார். உடல் நீளம் ஒத்துப்போகிறது என்று சொல்லி, நம் கடலின் திமிங்கிலங்களையும் அந்தப் பெயருக்குள் அடக்குவோர் இன்றும் உண்டு.

இப்போது பாட்டை வைத்துப் பிரிப்பது வழக்கமாகிவிட்டது. இதே கடலில் 1984-இல் பதிவான பாட்டு ஒன்று. 2020-இல் ஓமான் பக்கத்திலிருந்து வெளிவந்தது மற்றொன்று. நல்ல ஆய்வுகள்தாம். ஆனால் பாடுவது ஆண்கள் மட்டுமே என்று கருதுகிறோம். அந்தப் பாட்டின் சுருதியும் 1960-களிலிருந்து உலகெங்கும் இறங்கிக்கொண்டே வருகிறது. அதை மட்டும் நம்பித் துணையினம் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் நம்பும் சான்று வேறு.

1963 முதல் 1966 வரை சோவியத் கப்பல்கள் வட இந்தியப் பெருங்கடலில் 1,294 நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணையத்திடம் அதை மறைத்தார்கள். ஆனால் கப்பலிலிருந்த உயிரியலாளர்கள், வயிற்றைக் கிழித்தபோது கிடைத்த கருக்களை அளந்து குறித்துவைத்தார்கள். உயிரியலாளர் யூரி மிகலேவ் 1990-களில் அவற்றை வெளியிட்டார். தென்கோளக் குட்டை நீலத் திமிங்கிலங்களின் இனப்பெருக்கப் பருவத்துக்கும் இவற்றின் பருவத்துக்கும் அரை ஆண்டு இடைவெளி இருப்பதை அந்தக் கரு நீளங்கள் காட்டுகின்றன.

கொன்றவர்களின் கணக்கை நம்பலாமா என்று என் கட்டுரைக்கு மதிப்புரை எழுதிய அறிஞர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பொய்க்கும் ஒரு ஆதாயம் வேண்டுமல்லவா? பிடிக்கக்கூடாத சிறு திமிங்கிலத்தின் நீளத்தைக் கூட்டி எழுதினால் சட்டத்திலிருந்து தப்பலாம். கருவின் நீளத்தைக் கூட்டி எழுதி யாரை ஏமாற்றுவது?

வடகோளத்தில் வாழ்ந்தால் பருவம் மாறத்தானே செய்யும் என்கிறார்கள் வேறு சிலர். நான் சொல்வதும் அதுதான். ஒன்று இணை தேடும் காலத்தில் மற்றது தேடுவதில்லை. அப்படியிருக்க, ஒரே கடலில் சந்தித்தாலும் கலப்பது எப்படி? அளவுநாடாவில் இரண்டும் ஒரே நீளம் காட்டினால் போதுமா?

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மாநாட்டு மலரின் மூன்றாம் பக்கத்தில் 'இண்டிகா'வுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி அச்சாகியிருக்கிறது. அதை நீக்கச் சொல்லி நாளைக் காலை முன்மொழியப் போகிறேன். மறுப்பவர்களுக்காகத் தேநீருக்கு முன் அரை மணி ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். கரு அளவுகளைப் படித்துவிட்டு வாருங்கள்.