தம் மக்கள் வரலாற்றைத் தாமே கற்றல்

லிந்துலையில் பள்ளி செல்லும் ஒரு பிள்ளை, உலகின் பெரிய ஆறுகளையும் மன்னர் பலரின் போர்களையும் மனப்பாடமாக ஒப்புவித்துவிடும். அதன் பாட்டனுக்கும் பாட்டன் தலைமன்னாரில் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு எவ்வாறு நடந்து வந்தான் என்று கேட்டால், விடை கிடைப்பது அரிது. தன்னைப் பெற்ற மக்களின் வரலாறும் கற்கத் தக்க பாடமே என்பதைப் பற்றி இன்று சிறிது பேச விரும்புகின்றேன்.

இக்கருத்து வேறொரு நாட்டிலே கல்லூரிப் பாடமாக உருப்பெற்ற கதை அறியத் தக்கது. அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரிகள் உண்டு. வீட்டுக்கு அண்மையிலே, குறைந்த செலவிலே, உழைத்துக்கொண்டே இரண்டாண்டு பயிலக்கூடிய நிலையங்கள் அவை. ஓக்லந்து நகரத்து மெரிட் கல்லூரி அவற்றுள் ஒன்று. அங்கே 1960களில் கறுப்பின மாணவர், தம் இனத்தாரின் வரலாறும் பாடமாதல் வேண்டுமென வற்புறுத்தினர். அருகிலுள்ள சான்பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் 1968 நவம்பர் தொடங்கி 1969 மார்ச் வரை மாணவர் வேலைநிறுத்தம் நீடித்தது. அதன் பயனாக இனத்துவக் கல்விக்கெனத் தனிப்பிரிவே அங்கு தோன்றியது. 'எங்களைப் பற்றிப் பிறர் எழுதியதை மட்டும் படித்தல் போதாது' என்பதே அம்மாணவர் கோரிக்கையின் சாரம்.

நம் மலையகத்திற்கு இக்கோரிக்கை அந்நியமன்று. 1820களில் கம்பளைப் பகுதியிலே கோப்பித் தோட்டங்கள் தோன்றின. 1869 முதல் இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு, இம்மக்களை 'இந்தியத் தமிழர்' எனத் தனியே கணக்கிட்டது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம், 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோர் விதி 1974 வரை தீராது நின்றது. இவர்களைப் பற்றிப் பேசிய தாள்கள் எத்தனை! அவற்றுள் இவர்களே எழுதியவை எத்துணைச் சில!

அச்சிலவற்றுள் முதன்மையாக எண்ணத் தக்கது சி. வி. வேலுப்பிள்ளையின் பணி. 1947இல் தலவாக்கலைத் தொகுதி மக்களாற் பாராளுமன்றத்திற்குத் தெரிவான அவர், தோட்டத்து வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். தாலாட்டும் ஒப்பாரியும் கங்காணியைக் குறித்த பாடலும் வரலாற்றுச் சான்றுகளே என்பதை அவர் கண்டிருந்தார்.

இக்கல்வியைத் தொடங்கப் பெரிய மாளிகை வேண்டியதில்லை. பல்கலைக்கழகங்களில் மலையகம் பற்றிய ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. ஆயினும் மூலச்சான்றுகள் லயத்துப் பெட்டிகளிலும் முதியோர் நினைவிலுமே கிடக்கின்றன. தகரத்துண்டு, பெயர்ப்பதிவுத் தாள், கடவுச்சீட்டு ஆகியவற்றைச் சேர்க்கலாம். தோட்டத்திற்கு ஆங்கிலப் பெயர் ஒன்றிருக்க, தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்றாய் இருக்கும். அதன் காரணத்தைக் கேட்டு எழுதலாம். காமன்கூத்து ஆடுவோரிடம் பாடல்களைப் பெறலாம். ஊர் வாசிகசாலையோ, பாடசாலையின் மாலை வகுப்போ இதற்குப் போதுமானது.

ஆனால் எச்சரிக்கை ஒன்றுண்டு. தன் இனத்தின் பெருமையை மட்டும் பாடுவது கல்வியாகாது. பாட்டி சொன்னதைப் பதிவேட்டோடு ஒப்பிடல் வேண்டும். பதிவேட்டைப் பாட்டி சொன்னதோடும் ஒப்பிடல் வேண்டும். 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தால் நிலத்தின்மேல் தமக்கிருந்த உரிமையை இழந்த கண்டிச் சிங்களக் குடியானவர் கதையும் இதே மலைகளின் கதைதான். அதை மறைத்துவிட்டு நம் கதையை முழுமையாகச் சொல்ல இயலாது. இரண்டையும் ஒருங்கே கற்கும் பிள்ளை, அயலானைப் பகையாகக் காணாது.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை அளித்தது. 2023இல் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தனர். முன்னோர் நடந்த வழியைக் காலால் அளந்தாயிற்று. இனி அதை ஏட்டிலும் எழுதி வைத்தல் வேண்டும். முதியோர் ஒருவர் மறையுந்தோறும் எவராலும் படிக்கப்படாத நூலொன்று மறைகின்றது. ஆதலின், நேயர்களே, உங்கள் இல்லத்து மூத்தோரிடம் இன்றிரவே ஒரு கேள்வியேனும் கேளுங்கள். அவர் கூறும் விடையை நாளும் பெயரும் குறித்து எழுதி வையுங்கள். அதுவே இக்கல்வியின் முதற்பாடம்.