மெலிந்தவருக்கும் நீரிழிவு உண்டு

(செம்மேட்டில் மகளிர் சுய உதவிக் குழுவினரும் ஊராட்சிப் பணியாளரும் கூடிய கூட்டத்தில், கொல்லிமலை வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நீரிழிவு, கீழ்நாட்டில் உண்டு கொழுத்தவரின் நோய். மலையேறி இறங்கி உழைக்கும் நமக்கு அது வாராது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று என்பதை எடுத்துரைக்கவே இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்னும் உறுப்பு உள்ளது. 1869-ஆம் ஆண்டில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர், அதனுள் தீவுகளைப் போன்ற சிறு உயிரணுத் திரள்களைக் கண்டறிந்தார். அத்தீவுகளில் உள்ள பீட்டா உயிரணுக்களே இன்சுலினைச் சுரக்கின்றன. உண்டபின் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதை அவை உணர்ந்து, வேண்டிய அளவு இன்சுலினை வெளிவிடுகின்றன. தசைகள் சர்க்கரையை ஏற்பதும், கல்லீரல் அதனை அளவின்றி வெளியிடாதிருப்பதும் இன்சுலினின் ஏவலாலேயே. 1921-இல் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் அதனைப் பிரித்தெடுத்தனர். மறு ஆண்டே, சாகும் நிலையிலிருந்த சிறுவன் ஒருவன் அதனால் உயிர் பிழைத்தான்.

சிலருக்கு உடலின் நோய் எதிர்ப்பாற்றலே பீட்டா அணுக்களை அழித்துவிடுகிறது. வேறு பலருக்கு இன்சுலினின் ஏவலுக்கு உடல் இணங்குவதில்லை. அணுக்கள் மிகையாக உழைத்துக் களைத்துப்போகின்றன. இவ்விரு வகையிலும் அடங்காத மெலிந்த நோயாளிகளும் உளர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், நியூயார்க் ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து இத்தகையோரை ஆராய்ந்தனர். இவர்களுக்கு இன்சுலின் சுரப்பே குறைந்துள்ளது என்று 2022-இல் வெளியிட்டனர். ஊட்டக்குறைவால் வரும் நீரிழிவை 1985-இல் தனி வகையாக ஏற்ற உலக சுகாதார நிறுவனம், 1999-இல் அதனைப் பட்டியலிலிருந்து நீக்கியது. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்போ 2025-இல் அதனை ஐந்தாம் வகை என ஏற்றுக்கொண்டது.

பீட்டா அணுக்கள் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலுமே பெருகுகின்றன. ஆகவே கருவுற்ற தாயின் தட்டில் இன்று குறைவது, பிள்ளையின் நாளைய நலத்தையும் குறைக்கக்கூடும். சாமையும் கேழ்வரகும் விளைந்த நம் நிலங்களிற் பல இன்று மரவள்ளிக்கு மாறியுள்ளன. மரவள்ளி பணம் தரும். ஆயின் அதில் புரதம் மிகக் குறைவு. எனவே வீட்டுத் தேவைக்கேனும் கேழ்வரகும் அவரையும் மொச்சையும் விளைவியுங்கள். தாய்க்கும் சேய்க்கும் முட்டையும் பயறும் முதலில் பரிமாறுங்கள்.

அடங்காத் தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமின்றி உடல் இளைத்தல் ஆகியவை காணப்படின், "காற்றுச் சேட்டை" என்று நாள் கடத்தாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று இரத்தத்தைச் சோதியுங்கள். மெலிந்தவர் என்பதற்காகச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். இன்சுலின் போட்டுக்கொள்பவர் உணவைத் தவறவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். மருந்தின் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வீட்டிற்கே மருந்து கொண்டுவரும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021-இல் தொடங்கப்பெற்றது. அதன் பயனைப் பெறுங்கள்.

சகோதரிகளே! உங்கள் ஊரில் இளைத்துவரும் ஒருவரையேனும் இவ்வாரம் சோதனைக்கு அழைத்து வாருங்கள். அதுவே இக்கூட்டத்தின் பயனாகும்.