நாஸ் பெட்டி திறக்கவில்லையா? ரீசெட்டில் கை வைக்காதீர்கள்

சங்கக் கூட்டத்தில் பேசியதைச் செய்திமடலுக்கு எழுதித் தரச் சொன்னார் செயலாளர். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. பி.காம். முடித்து வங்கியில் கணக்கு எழுதியவன். கணக்கு டேலி ஆகாத அன்று எப்படித் தேடுவோமோ, அப்படித்தான் இதையும் சொல்லப் போகிறேன்.

நம்மில் சிலர் ரூட்டர் பக்கத்தில் 'நாஸ்' என்ற சேமிப்புப் பெட்டி வைத்திருக்கிறீர்கள். கல்யாண வீடியோ, பேரப்பிள்ளைகள் போட்டோ, பத்திர ஸ்கேன் எல்லாம் அதில்தான். ஒருநாள் அது திறக்காது. "எல்லாம் போச்சு" என்று மனசு பதறும். அநேகமாகப் போயிருக்காது. குடோனில் சரக்கு பத்திரமாக இருக்கும், போகிற ரோடுதான் அடைபட்டிருக்கும்.

முதலில் விளக்குகளைப் பாருங்கள். பவர் விளக்கே இல்லையென்றால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். லேன் விளக்கு மினுக்கவில்லையென்றால் கேபிளை மாற்றி, ரூட்டரில் வேறு துளையில் செருகுங்கள். ஜன்னல் கம்பியையே அரிக்கிற நம்மூர் உப்புக்காற்று கேபிள் முனையை மட்டும் விட்டுவைக்குமா?

விளக்கு சரியென்றால் ரூட்டருக்கு வாருங்கள். அண்மையில் இன்டர்நெட் கம்பெனி மாற்றினீர்களா? பழைய ரூட்டரில் 192.168.1 என்று தொடங்கிய முகவரி, புதியதில் 192.168.29 என்று இருக்கலாம். பெட்டிக்கு நிலையான முகவரி கொடுத்திருந்தால், அது இன்னும் பழைய தெருவிலேயே நிற்கும். கம்ப்யூட்டரைக் கேபிளில் நேராகப் பெட்டியோடு இணைத்து, அதற்கும் பழைய வரிசையில் ஓர் எண் கொடுத்தால் பெட்டி திறக்கும். உள்ளே போய் 'தானாக' என்று மாற்றிவிடலாம்.

பிரவுசரில் திறக்கிறது, விண்டோஸ் ஃபோல்டரில் மட்டும் வரவில்லை என்றால் பெட்டி மேல் குற்றமில்லை. 2017 கடைசியிலிருந்து விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவினால், எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு முறை அதில் இருக்காது. பழைய பெட்டிக்கு அது மட்டும்தான் தெரியும். 2024-இல் வந்த விண்டோஸ் 11 புரோ பதிப்போ, பாஸ்வேர்ட் இல்லாத 'கெஸ்ட்' இணைப்பை ஏற்பதில்லை. பெட்டியில் பெயரும் பாஸ்வேர்டும் போட்டு ஒரு கணக்கு உண்டாக்குங்கள்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸில் மாட்டினால் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். பெரும்பாலான பெட்டிகள் லினக்ஸ் முறையில் எழுதுகின்றன, விண்டோஸுக்கு அது புரியாது, அவ்வளவுதான். 'ஓகே' கொடுத்தீர்களோ, அப்புறம்தான் உண்மையான நஷ்டம். ரீசெட் பட்டனும் அப்படியே. எத்தனை விநாடி அழுத்தினால் என்ன நடக்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டைப் படிக்காமல் தொடாதீர்கள். டிஸ்க்கில் 'டக் டக்' சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

"ரெண்டு டிஸ்க் போட்டிருக்கேன் அண்ணாச்சி, கவலையில்லை" என்றார் ஒருவர். இரண்டும் ஒரே பெட்டிக்குள் அல்லவா இருக்கிறது? 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. தரைத்தளத்தில் தண்ணீர் ஏறினால் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே முங்கும். தண்ணீர் வேண்டாம், இன்டர்நெட்டே போதும். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' பெட்டிகளை வெளியிலிருந்து யாரோ அழித்தார்கள், உலகம் முழுக்கப் பலர் வீட்டில் பெட்டி காலி. 2015-க்குப் பிறகு அப்டேட்டே வராத மாடல் அது. எனவே பழைய பெட்டியை வெளியிலிருந்து திறக்கும்படி வைக்காதீர்கள்.

வங்கிப் பெட்டகத்தின் டூப்ளிகேட் சாவியை அதே கிளையில் வைக்க மாட்டோம், முத்திரையிட்டு வேறிடத்தில் வைப்போம். நீங்களும் ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் நகல் எடுத்து, மதுரையிலோ சென்னையிலோ உள்ள பிள்ளை வீட்டில் கொடுத்து வையுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும்போது வாங்கிப் புதுப்பித்தால் போதும். பெட்டியின் முகவரி, மாடல், பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். எந்தப் பீரோ என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவிடுங்கள்.