பேசாமலிருந்த பிள்ளை

(எமது சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக நடைபெற்ற வாசிப்பு வட்டத்தில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு வருஷத்தில் வாசிப்பதற்கு வேறு புத்தகம் கிடைக்கவில்லையா என்று இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி. மாயா ஏஞ்சலோ 1969 இல் வெளியிட்ட 'கூண்டுப் பறவை ஏன் பாடுகிறது என்று எனக்குத் தெரியும்' என்ற சுயசரிதை விழாக்காலத்துக்கு ஏற்ற புத்தகம் அல்லதான். அமெரிக்காவிலேயே பாடசாலை நூலகங்களிலிருந்து இதை அகற்றும்படி பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். 1990களில் அங்கே அதிக ஆட்சேபனைக்கு உள்ளான நூல்களுள் இதுவும் ஒன்று. காரணம், எட்டு வயதுப் பிள்ளைக்கு நேர்ந்த பாலியல் வல்லுறவை அந்தப் பிள்ளையின் கண்ணாலேயே அது சொல்கிறது.

கதையை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்கரீட் என்ற அந்தச் சிறுமி 1928 இல் சென் லூயிஸ் நகரில் பிறந்தவள். தாயும் தகப்பனும் பிரிந்தபோது மூன்று வயது மார்கரீட்டையும் நான்கு வயது அண்ணன் பெய்லியையும், கையில் முகவரிச் சீட்டுக் கட்டி, ரயிலேற்றி, ஆர்கன்சாவிலுள்ள ஸ்டாம்ப்ஸ் என்ற ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே தகப்பனின் தாய் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கறுப்பினத்தவருக்கு வேறு தெரு, வேறு பாடசாலை என்றிருந்த காலம். சில வருஷங்களின் பின் பிள்ளைகள் திரும்பவும் தாயிடம் போகிறார்கள். அந்த வீட்டில் தாயோடு வாழ்ந்த மனிதன்தான் அந்தக் கொடுமையைச் செய்தவன்.

அன்புக்கு ஏங்கிய அந்தப் பிள்ளை, அவன் முதலில் அணைத்தபோது தனக்கும் ஒரு தகப்பன் கிடைத்துவிட்டார் என்றே நினைத்தது. இதை மாயா மறைக்கவில்லை. எனக்குப் புத்தகத்தில் மிகக் கடினமான பக்கம் அதுதான், மிகவும் பயனுள்ள பக்கமும் அதுதான். இருட்டில் ஒளிந்திருக்கும் அந்நியனைப் பற்றித்தான் நாங்கள் பிள்ளைகளை எச்சரிக்கிறோம். இங்கே ஆபத்து வீட்டுக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளை அதை வெறுக்கவும் இல்லை.

வெளியில் சொன்னால் உன் அண்ணனைக் கொல்லுவேன் என்பது அவன் மிரட்டல். பிள்ளை சொல்லவில்லை. படுக்கை விரிப்பை மாற்றும்போது கறை படிந்த உள்ளாடை அகப்பட்டதால்தான் விஷயம் வெளிவந்தது. வைத்தியசாலையில், யார் செய்தது என்பதை அவள் சொன்னது யாரிடம்? தாயிடமோ வைத்தியரிடமோ அல்ல. தன்னை அவனால் கொல்ல முடியாது என்று தைரியம் கொடுத்த பெய்லியிடம். ஒன்பது வயதுப் பையனிடம். வீடு நிறையப் பெரியவர்கள் இருந்தும், பாதுகாப்பான காது அது ஒன்றுதான்.

பிறகு நீதிமன்றம். முன்பும் அவன் தொட்டானா என்று அவன் தரப்புச் சட்டத்தரணி கேட்கிறார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையில் 'இல்லை' என்கிறாள். அவனுக்கு ஒரு வருஷமும் ஒரு நாளும் தண்டனை. ஆனால் அன்றே வெளியே வந்துவிடுகிறான், சிறிது நேரத்தில் யாரோ அவனை அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். தன் பொய்தான் அவனைக் கொன்றது, இனி வாய் திறந்தால் இன்னும் யாராவது சாவார்கள் என்று அவள் முடிவு செய்கிறாள். பெய்லியைத் தவிர எவரோடும் பேச்சில்லை. ஐந்து ஆண்டுகளளவு பேசாமலிருந்ததாக மாயா பின்னாளில் நேர்காணல்களில் சொன்னார்.

ஆரம்பத்தில் பாவம் பார்த்த அதே குடும்பம், பிறகு அந்த மௌனத்தைத் திமிர் என்றது. அடியும் விழுந்தது. கடைசியில் திரும்பவும் ஸ்டாம்ப்ஸுக்கு அனுப்பினார்கள். எங்கள் தேர்ச்சி அறிக்கைகளில் 'அமைதியான சுபாவம்' என்று எழுதப்பட்டிருந்தது உங்களுக்கு ஞாபகமிருக்கும். பெரும்பாலும் அது உண்மையான பாராட்டுத்தான். ஆனால் போன தவணை வரை வாயாடியாக இருந்த பிள்ளை இந்தத் தவணையில் அமைதியானால், அது சுபாவம் அல்ல, சேதி.

இனி மிஸிஸ் ஃபிளவர்ஸ். ஊரில் எல்லோரும் மதிக்கும், நேர்த்தியாக உடுத்தும் கறுப்பினச் சீமாட்டி. கடையில் வாங்கிய சாமான்களைத் தூக்கிக்கொண்டு தன்னோடு வரும்படி அந்தப் பிள்ளையைக் கேட்கிறார். வீட்டில் அவளுக்காகவே செய்த பிஸ்கட்டும் எலுமிச்சைப் பானமும் காத்திருக்கின்றன. டிக்கன்ஸின் 'இரு நகரங்களின் கதை'யிலிருந்து உரத்து வாசித்துக் காட்டுகிறார். புத்தகங்களை இரவல் கொடுத்து, அவற்றைச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறார். அடுத்த முறை வரும்போது ஒரு கவிதையைப் பாடமாக்கி ஒப்புவிக்க வேண்டும்.

அவர் செய்யாததைக் கவனியுங்கள். 'என்ன நடந்தது பிள்ளை, என்னிடம் சொல்லு' என்று ஒரு தடவையேனும் தோண்டவில்லை. 'ஏன் பேசாமல் இருக்கிறாய்' என்று அதட்டவும் இல்லை. நடந்ததைத் தன் வாயால் சொல்ல முடியாத பிள்ளைக்கு முதலில் வேறொருவருடைய சொற்களைக் கொடுத்தார். கவிதையைச் சொன்னால் எவரும் சாகமாட்டார்கள். அதோடு, பெய்லியின் தங்கச்சி, கடைக்கார அம்மாவின் பேத்தி என்றல்லாமல் தன்னைத் தனக்காகவே ஒருவர் அழைத்தார் என்ற சந்தோஷத்தோடு அந்தப் பிள்ளை வீட்டுக்கு ஓடுகிறது.

வீட்டில் கிடைத்தது அடி! அண்ணனுக்கும் பிஸ்கட் கொடுக்கும் உற்சாகத்தில் ஆங்கிலத்தில் 'பை த வே' என்று சொல்லிவிட்டாள். இயேசுவே வழி, ஆகவே அது தேவதூஷணம் என்பது பாட்டியின் தீர்ப்பு. மிஷன் பாடசாலைகளில் படித்தவர்கள் இந்த இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பாட்டிக்குப் பேத்தி மேல் உயிர். அன்பும் பிரம்பும் ஒரே கையில் இருந்த வீடுகளை நாங்களும் அறிவோம்.

எங்கள் வட்டத்தில் ஒரு கருத்து வேறுபாடு வந்தது. 'எவ்வளவு கஷ்டப்பட்டும் எவ்வளவு பெரிய ஆளாக வந்தார், 1993 இல் அமெரிக்க ஜனாதிபதியின் பதவியேற்பில் கவிதை வாசித்தாரே, அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்' என்றார் ஓர் அக்கா. அவருடைய எண்ணம் நல்லது. நான் உடன்படவில்லை. புகழ் பெறாமல், புத்தகம் எழுதாமல், காலையில் எழுந்து பிள்ளைக்குப் பாண் வெட்டிக் கொடுத்து வேலைக்குப் போகும் பெண்ணும் தப்பிப் பிழைத்தவள்தான். மாயாவை அளவுகோலாக வைத்தால் அவளுக்கு இன்னொரு சுமையைத்தான் ஏற்றுகிறோம். புத்தகமும் மேடையில் முடியவில்லை. பதினாறு வயதில் தாயான ஒரு பெண், தன் குழந்தையைத் தொடவே பயந்து, பிறகு பயம் தெளிவதோடு முடிகிறது.

'எங்கள் சமூகத்தில் இதெல்லாம் குறைவு' என்ற குரலும் கேட்டது. குறைவென்றால் சட்டத்தைத் திருத்தத் தேவை வந்திராது. 1995 இல் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, பாலுறவுக்குச் சம்மதம் தெரிவிக்கக்கூடிய வயது 12 இலிருந்து 16 ஆக உயர்ந்தது. நெருங்கிய இரத்த உறவினருக்கிடையிலான பாலுறவு தனிக் குற்றமானதும் அதே திருத்தத்தில்தான். 1998 ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை வந்தது. அதன் இலக்கம் 1929, 24 மணி நேரமும் அழைக்கலாம். இந்த மலரைப் பிரிப்பவர்களில் யாருக்கேனும் அது உதவலாம் என்பதால் அச்சிலும் இருக்கட்டும்.

கடைசியாக, செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நிதியிலிருந்து பாடசாலை நூலகத்துக்கு வாங்கும் புத்தகங்களில் இதையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உயர்தர வகுப்புக்குச் சேர்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியை முதலில் வாசித்திருக்க வேண்டும். ஆனால் இரவல் பதிவேட்டில் பெயரும் வகுப்பும் எழுதி, பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கும்போது, இந்தப் புத்தகம் யாருக்குத் தேவையோ அந்தப் பிள்ளை இதை எடுக்கமாட்டாள். ஆகையால் இரண்டு பிரதிகள் வாங்குங்கள். ஒன்று அலுமாரியில் இருக்கட்டும். மற்றதை யன்னலோர மேசையில், பெயர் பதியாமல் எடுத்து வாசித்துவிட்டு வைக்கக்கூடிய புத்தகங்களுக்கு நடுவில் வையுங்கள். அது தொலைந்துபோனால் விசாரிக்க வேண்டாம், இன்னொன்று வாங்கித் தருகிறேன்.