பாட்டும் பண்டிகையும் கற்றுத்தரும் ஆங்கிலம்



பொழுது விடியுமுன் பால்வெட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் கிளம்பிப் போகிற பெற்றோர்கள், தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய எங்களிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பார்கள். "வாத்தியாரையா, எங்களுக்கு இங்கிலீசு தெரியாது. வீட்டில் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுப்பது?" என்பதுதான் அது. இந்தக் கேள்விக்குள் ஒரு பயம் இருக்கிறது. ஆங்கிலம் புழங்காத வீட்டில் பிறந்ததனாலேயே தம் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்கிற பயம். அது வேண்டாத பயம் என்பதையும், அந்த வீட்டில் நடக்கிற பண்டிகையும் அங்கே தட்டுகிற கும்மியும் ஆங்கிலம் கற்க உதவும் என்பதையும் இன்று எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

இதற்கு நம் பக்கத்து நாடாகிய சிங்கப்பூரைப் பார்ப்போம். அந்தத் தீவின் மேற்கே, ஜூரோங் வட்டாரத்தில், பூன் லே என்றோர் இடம் உண்டு. சியூ பூன் லே என்ற சீன வணிகரின் பெயரைத் தாங்கிய இடம் அது. அந்தப் பகுதியில் அவருக்குத் தோட்டங்கள் இருந்தன. நம் தோட்டங்களைப் போலவே ஜூரோங்கிலும் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாய் நின்றன. 1961-இல் அங்கே தொழிற்பேட்டைக்கான வேலை தொடங்கியது. மரங்கள் போய், ஆலைகளும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன. 1990-இல் ரயிலும் வந்தது. இன்று ஒரே மாடியில் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறார்கள்.

சிங்கப்பூரின் கடைசித் தமிழ்வழிப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. 1987-இலிருந்து எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழியாகவும், தமிழ் முதலிய தாய்மொழிகள் இரண்டாம் மொழியாகவும் ஆயின. அன்று வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளே அங்கே மிகுதி. அவர்களுக்கு இலக்கண விதியை முதலில் ஓதினால் பயன் விளையாது என்று கல்வியாளர்கள் கண்டார்கள். ஆகவே 1985-இல் கீழ்வகுப்புகளுக்கு ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். அதன் வழியில் வந்த 'ஸ்டெல்லர்' என்னும் திட்டம் 2010-இல் எல்லாத் தொடக்கப்பள்ளிகளின் முதல் வகுப்பிலும் தொடங்கியது.

அந்த முறையில் என்ன செய்கிறார்கள்? முதலில், பெரிய எழுத்தில் அச்சிட்ட பெரிய புத்தகத்தை வகுப்பின் முன் நிறுத்துகிறார்கள். ஆசிரியர் விரல் வைத்துப் படிக்க, பிள்ளைகள் கூடவே படிக்கிறார்கள். அடுத்து, எல்லோரும் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்கிறார்கள். ரொட்டிக்கு நடுவே பழம் வைத்துத் தின்பதாக இருக்கலாம், காகிதத்தில் விளக்கு செய்வதாக இருக்கலாம். பிறகு, செய்ததைப் பற்றிப் பேசுகிறார்கள். பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஆசிரியர் பலகையில் எழுதுகிறார். அதன்பின் குழுவாக எழுதி, கடைசியில் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதுகிறார்கள். முதலில் கை செய்தது. பின் வாய் பேசியது. எழுத்து கடைசியில்தான் வந்தது. இந்த வரிசையை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இந்த முறைக்குப் பண்டிகையைப் போல் பொருத்தமானது வேறில்லை. பண்டிகை தானாகவே வீட்டுக்கு வருகிறது. அதில் செய்வதற்கும் பேசுவதற்கும் நிறைய இருக்கிறது. பூன் லே போன்ற அடுக்குமாடியில் வாழும் ஒரு தமிழ்ச் சிறுமியை எண்ணிப் பாருங்கள். சீனப் புத்தாண்டுக்கு இரண்டு ஆரஞ்சுப் பழங்களோடு அடுத்த வீட்டுக்குப் போகிறாள். நோன்புப் பெருநாளன்று எதிர்வீட்டில் பலகாரம் தின்கிறாள். தீபாவளிக்கு அவர்களைத் தன் வீட்டுக்கு அழைக்கிறாள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத அந்தக் குழந்தைகளுக்கு நடுவே நின்று உதவுவது ஆங்கிலம். 'வாருங்கள், உட்காருங்கள், இதைச் சாப்பிட்டுப் பாருங்கள்' என்று சொல்ல வேண்டிய தேவை வந்துவிட்டால் சொல் தானே வந்துவிடும்.

இனி, நம் பள்ளியிலும் வீட்டிலும் செய்யக்கூடியதைச் சொல்கிறோம். தீபாவளியையே எடுத்துக்கொள்வோம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் தடுமாற்றம் தருவது காலங்காட்டும் வினைச்சொல். பண்டிகைக்கு முன்னும் பின்னும் உண்டல்லவா? முறுக்குச் சுடுவதற்கு முந்திய வாரம் 'வீ வில் மேக் முறுக்கு' என்கிறோம். மாவு பிழிகையில் 'வீ ஆர் மேக்கிங் முறுக்கு' என்கிறோம். பண்டிகை முடிந்து பள்ளி திறந்ததும் 'வீ மேட் முறுக்கு' என்கிறோம். எதிர்காலம், நிகழ்காலம், இறந்தகாலம் மூன்றும் ஒரே முறுக்கில் வந்துவிட்டன. அட்டவணை போட்டு மனப்பாடம் செய்த பிள்ளை மறந்தாலும், எண்ணெய்ச் சட்டியின் அருகே நின்று சொன்ன பிள்ளை எளிதில் மறப்பதில்லை.

இன்னொரு தடுமாற்றமும் உண்டு. நாம் 'மேசைமேல்' என்று பொருளை முன்னும் இடத்தைப் பின்னும் சொல்கிறோம். ஆங்கிலத்திலோ 'ஆன் தி டேபிள்' என்று தலைகீழாக வருகிறது. இதற்கு ஏற்றாத ஓர் அகல் போதும். அகலை மேசைமேல் வையுங்கள், கதவருகே வையுங்கள், பெட்டிக்குள் வையுங்கள். ஒவ்வொரு முறையும் பிள்ளை இடத்தைச் சொல்லட்டும்.

இப்போது பாட்டுக்கு வருவோம். பாட்டு வெறும் பொழுதுபோக்கு அன்று. தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே கனத்தோடு உச்சரிக்கிறோம். ஆங்கிலத்தில் சில அசைகளை அழுத்தி, சிலவற்றைத் தொட்டும் தொடாமலும் விட்டுச் செல்ல வேண்டும். இதை விளக்கிச் சொல்வது கடினம். கைதட்டிப் பாடினால் எளிது. எங்கள் வகுப்பில் கும்மி மெட்டில் நாங்களே கட்டிய வரிகள் இவை: 'ஐ லைட் தி லேம்ப், யு லைட் தி லேம்ப், வீ லைட் தி லேம்ப் டுடே.' 'லைட்' என்பதிலும் 'லேம்ப்' என்பதிலும் கை தட்டுகிறது. 'தி' நழுவிப் போகிறது. பிறகு ஒரு சொல்லை மாற்றுகிறோம். தீபாவளிக்கு 'லேம்ப்' என்றால் கிறிஸ்துமசுக்கு 'கேண்டில்' என்கிறோம். அடுத்து ஆளை மாற்றுகிறோம்: 'அம்மா லைட்ஸ் தி லேம்ப்.' அந்தக் கடைசி 'ஸ்' ஒலியைப் பேச்சில் விட்டுவிடும் பிள்ளைகள், பாட்டில் விடுவதில்லை. 

கூட்டத்தோடு பாடுவதில் இன்னொரு நன்மை உண்டு. கேள்வி கேட்டால் வாய் திறக்காத பிள்ளையும் பத்துப் பேரோடு சேர்ந்து பாடும். தவறினாலும் தனியே தெரியாது, யாரும் சிரிக்கமாட்டார்கள். அப்படி வாய் திறந்த பிள்ளை, சில வாரத்தில் தனியே ஒரு வரி பாடவும் துணியும்.

ஆனால் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. பாட்டு முழுவதையும் ஒப்பிக்கிற பிள்ளைக்கு அதன் பொருள் தெரியும் என்று நம்பிவிடக் கூடாது. நடுவில் நிறுத்தி, ஒரு சொல்லைச் செய்து காட்டச் சொல்லுங்கள். வேறு சொல்லைப் போட்டுப் பாடச் சொல்லுங்கள். செய்ய முடிந்தால் கற்றுவிட்டது. முடியாவிட்டால் அது வெறும் ஓசைதான். மேலும், பண்டிகையின் பேரால் புத்தாடையும் பொருளும் கேட்டு ஏழைப் பெற்றோரைச் சங்கடத்தில் ஆழ்த்தக் கூடாது. பழைய நாட்காட்டித் தாளும் கோலமாவுமே போதும். துக்கம் நேர்ந்த வீட்டுப் பிள்ளையையும், வேற்றுச் சமயத்துப் பிள்ளையையும் ஒதுக்காமல், அவர்களுக்குத் தெரிந்த திருநாளைச் சொல்லச் செய்ய வேண்டும்.

வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோரே, நீங்கள் ஆங்கிலம் பேச வேண்டியதில்லை. மாலையில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். "இன்று பள்ளியில் என்ன பாட்டு?" என்று கேளுங்கள். அதைத் தம்பி தங்கைக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். பலகாரம் செய்கையில் "இதற்கு இங்கிலீசில் என்ன பேர்?" என்று பிள்ளையைக் கேளுங்கள். உங்களுக்கே கற்றுத்தரும் பெருமை அதற்குக் கிடைக்கட்டும். தவறாகச் சொன்னால் கேலி செய்யாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. ஆங்கிலத்துக்காகத் தமிழைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். சிங்கப்பூரில் 2010-இல் இந்தியரில் நூற்றுக்குச் சுமார் 37 பேர் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசினார்கள்; 2020-இல் அது சுமார் 28 ஆகக் குறைந்துவிட்டது. ஆங்கிலம் பேசுவோர் ஏறக்குறைய 59 பேர். அங்கே ஆங்கிலத்தை வளர்ப்பது எப்படி என்ற கவலையோடு, வீட்டில் தமிழைக் காப்பது எப்படி என்ற கவலையும் இப்போது சேர்ந்திருக்கிறது. நம் வீடுகளில் தமிழ் இன்னும் உயிரோடு இருக்கிறது. பாட்டி சொல்லும் கதையைத் தமிழில் முதலிலிருந்து முடிவுவரை கோவையாகத் திருப்பிச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொற்கள்தாம் வேண்டும். கோவையாகச் சொல்லும் திறமை அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தத் திறமையைக் கொடுப்பது நீங்கள். சொற்களைக் கொடுப்பது எங்கள் வேலை.

வருகிற பண்டிகைக்கு உங்கள் வீட்டு அடுப்படியிலேயே தொடங்கிப் பாருங்கள், நேயர்களே.