கிரைண்டருக்கு ஒரு பிளக்

(ஊராட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



குடிநீர், சாலை முதலிய பெரிய காரியங்களைப் பேசி முடித்தோம். இனி, சமையலறைச் சுவரிலுள்ள ஒரு சிறிய விஷயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

ஆட்டுக்கல் இருந்த இடத்தில் இன்று கிரைண்டர் அமர்ந்திருக்கிறது. 2011-ஆம் ஆண்டில் அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கிய பின் ஏழை எளியவர் இல்லங்களுக்கும் அது வந்து சேர்ந்தது. ஆனால் அதற்கேற்ற மூன்று துளைச் சாக்கெட் பல வீடுகளில் இல்லை. ஆகவே பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு ஒயர்களை ஸ்விட்சுப் பெட்டிக்குள் நேரே முறுக்கிவிடுகிறார்கள். மூன்றாவதான பச்சை ஒயரை வேண்டாதது என்று கத்தரித்துவிடுகிறார்கள். உயிரைக் காக்கும் ஒயரோ அதுதான்!

மோட்டாரின் உட்கம்பியில் காப்பு பழுதானால், கிரைண்டரின் உடம்பிலேயே 230 வோல்ட் மின்சாரம் ஏறிவிடும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குள் இறங்க வழியுண்டு; இல்லையேல், மாவுக் கையோடு ஈரத்தரையில் நிற்கும் பெண்மணியின் உடலே வழியாகிவிடும்.

"ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தானே கழுவுகிறோம்?" என்று தாய்மார்கள் கேட்கலாம். சாதாரண ஸ்விட்சு ஒரு ஒயரை மட்டுமே துண்டிக்கிறது. அதை நியூட்ரலில் மாற்றிப் பொருத்தியிருந்தால், அணைத்த பின்னும் கிரைண்டருக்குள் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கி வைத்தால் இச்சந்தேகத்திற்கே இடமில்லை. பழுது பார்க்க எடுத்துச் செல்வதும் எளிது. (வயலிலுள்ள பம்புசெட்டை ஸ்டார்ட்டர் வழியாக நேரே இணைப்பது வேறு விஷயம், அதற்குப் பிளக் கூடாது.)

இவ்வேலையை உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டே செய்விக்க வேண்டும். முதலில் மெயினை அணைத்து, மின்சாரம் இல்லையென்று டெஸ்டரால் உறுதி செய்வார். அந்த டெஸ்டர் எரிகிறதா என்பதை மின்சாரமுள்ள இடத்தில் முன்பே பார்த்துக்கொள்வது அவசியம். நமக்கு எதிரே சாக்கெட் இருக்கையில் மேல் துளை எர்த், வலப்புறம் ஃபேஸ், இடப்புறம் நியூட்ரல். ஸ்விட்சு ஃபேஸில்தான் இருக்க வேண்டும். பிளக்கின் எர்த் ஊசி மற்றவற்றைவிட நீளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். செருகும்போது முதலில் தொடுவதும், பிடுங்கும்போது கடைசியில் விடுபடுவதும் அதுவே.

கிரைண்டருக்கும் மிக்சிக்கும் 6 ஆம்பியர் சாக்கெட் போதும். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்போ ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும் தடித்த ஒயரும் வேண்டும். பழைய மெல்லிய ஒயரில் பெரிய சாக்கெட்டை மாட்டுவது சுவருக்குள் நெருப்பை வைப்பதற்கு ஒப்பாகும். சாக்கெட்டைத் தொட்டிக்கும் அடுப்புக்கும் எட்டத்தில், மேடைக்கு மேலாக அமைத்தல் நலம்.

சிலர் எர்த் குழி வெட்டச் சோம்பி, எர்த் துளையை நியூட்ரலோடு சேர்த்துவிடுகிறார்கள். இது மகா ஆபத்து. நியூட்ரல் எங்கேனும் அறுந்தால், நல்ல நிலையிலுள்ள கிரைண்டரும் ஷாக் அடிக்கும். எர்த் குழியைத் தனியே அமைத்துக் கோடையில் தண்ணீர் ஊற்றி வாருங்கள். மெயின் அருகே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்தினால், மின்கசிவு கண்டதும் இணைப்பை அது உடனே துண்டித்துவிடும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ச் சத்துணவுக் கூடத்தையும் அங்கன்வாடியையும் முதலில் பார்வையிடுங்கள். அங்கே நேரே முறுக்கிய இணைப்பு ஏதும் இருந்தால் எனக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். அவ்விடங்களைச் சரிசெய்த பின் வீடுகளுக்குச் செல்வோம்.